கால் சுற்று

லிம் சூ காங் சாலை முடிகிற இடத்தில்
எங்களை இறக்கிவிட்டுத் திரும்பியது 975.
ரொஸ்லி குடையை மறந்திருந்தான்.
நான் மறக்காதவை: டார்ச், ஒரு பை சாவிகள்,
ஒரு லிட்டர் டீசல், முப்பத்திரண்டாம் நம்பர் சாக்கெட்,
எழுநூறு வெள்ளி.

கீரைத் தோட்டத்துக் குத்தகை மாதக் கடைசியோடு சரி.
நிலத்தை வெறும் நிலமாகத் திருப்பித் தர வேண்டுமாம்,
கொட்டகை இல்லாமல், தண்ணீர்த் தொட்டி இல்லாமல்,
கொட்டகைக்குப் பின்னால் நிற்கிற இதுவும் இல்லாமல்.
குமாரி கோ கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:
பழைய இரும்புக்காரன் நானூற்றைம்பது தருகிறான்,
நீ அறுநூறு கொடு.
இரும்புக்கு மேலே அந்த நூற்றைம்பது எதற்கு
என்று நான் கேட்கவில்லை.
அதைப் பார்க்கத்தானே வந்தேன்.

பெயர்த்தகட்டை யாரோ கழற்றிப் போயிருந்தார்கள்.
நான்கு திருகுத் துளைகள். ஒன்றில் எறும்பு.
முன்சக்கரம் ஒன்று மண்ணுக்குள் பாதி.
இருக்கைப் பஞ்சில் கோழி அடைகாத்த பள்ளம்.
புகைக்குழாய் வாயில் ஒரு மைலோ டின்
கவிழ்த்து வைத்திருந்தது.
அதைப் பார்த்த பிறகுதான் குனிந்தேன்.
இதைக் கைவிட்டுப் போன யாரோ
மழை உள்ளே போகக் கூடாது என்றும் நினைத்திருக்கிறார்.

எண்ணெய்க் குச்சியை உருவினேன்.
தண்ணீர் இறங்கியிருந்தால் தே நிறம் வரும்.
இது கோப்பி ஓ.
"கொசோங்," என்றான் ரொஸ்லி,
நாக்கில் வைத்துப் பார்த்தவன் போல.

கணக்கில் அவன் கெட்டி.
கிரேன் லாரி முந்நூற்றெண்பது.
டயர்கள் பத்து பஹாட்டிலிருந்து வர வேண்டும், வந்தால்.
க்ராஞ்சியில் அவன் மச்சான் பட்டறையில் ஒரு மூலை
மாதம் நூற்றெண்பது, மச்சான் என்பதால்.
"உன் வீடு பதினோராம் மாடி.
சாலையில் ஓட்ட விடமாட்டார்கள்.
உழுவதற்கு இந்தத் தீவில் உன்னிடம் இருப்பது
இரண்டு கற்பூரவல்லித் தொட்டி."

சிரித்தேன். பதில் இருந்தது; சொல்ல வெட்கம்.
பணிமனையில் இரவு ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே
பேருந்துகளைச் சரிசெய்கிறேன்.
எங்கே வலி என்று கணினி சொல்லிவிடும்,
எத்தனை நிமிடம் என்றும்.
ஐந்தே காலுக்கு அவை போயாக வேண்டும்.
எனக்கு ஒரு பழுது வேண்டும்.
நேரம் கேட்காத பழுது.
ஒரு நட்டுக்கு ஒரு ஞாயிறு என்று
எதிரே உட்கார்ந்து
பேசிப் பார்க்கிற மாதிரி.
இதைப் போய் வாய்விட்டுக் கேட்பாளா ஒருத்தி?

இறுகிப் போயிருந்தால் விட்டுவிடுவது
என்று வரும் வழியிலேயே முடிவு.
மூன்று உருளைகளிலும் டீசல் ஊற்றிவிட்டு
கொட்டகைத் தகரத்தடியில் ஒதுங்கினோம்.
மழை ஒன்றரை மணி நேரம் பெய்தது.
பிறகு சாக்கெட், அதன் கைப்பிடியில் நீளக் குழாய்,
குழாயில் என் முழு எடை.

ஒன்றுமில்லை.
ரொஸ்லி முகத்தில் நிம்மதி.
என் முகத்திலும் இருந்திருக்கும்.

அப்போது எங்கோ அடியில்
வறண்ட தொண்டை எச்சில் விழுங்கியது போல ஒரு சத்தம்.
விசிறி இதழிலிருந்து பல்லி குதித்தது.
கால் சுற்று.

திரும்பிவிட்டது. அதுதான் சிக்கல்.
வேண்டாம் என்று சொல்ல
நான் கொண்டுவந்திருந்த ஒரே காரணம் அது.

"வேணுமா?" என்றாள் குமாரி கோ.
புதன் வரை கேட்டேன்.
இரும்புக்காரன் செவ்வாய் வருகிறான் என்றாள்.
மைலோ டின்னைத் திரும்பக் கவிழ்த்து
மேலே ஒரு கல்லும் வைத்தேன்.

திரும்பும்போது 975 ஏற்றத்தில் இருமியது.
"இதுக்கு என்ன?" என்றான்.
"இரண்டாவது இன்ஜெக்டர்."
"அதுக்கு?"

பதில் தேடுகிறவள் போலப் பையைத் துழாவினேன்.
டார்ச் இருந்தது. சாவிகள் இருந்தன. எழுநூறும் இருந்தது.
முப்பத்திரண்டாம் நம்பர் மட்டும் இல்லை.
நட்டின் மேலேயே விட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த நிறுத்தம் வந்தது.
மணியை அழுத்தவில்லை.